புதுப்பிப்பு: மாரி முடிந்தது, ஆடுகளின் நிலை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பாலுக்கு ஆடு வளர்க்கப் போகிறோம் என்று மாரிக்கு முன் எழுதியிருந்தேன், மழையை எப்படித் தாக்குப்பிடிப்பீர்கள் என்று பலர் கேட்டீர்கள். சரி, ஜமுனாபாரி இனக் கலப்பு மறி (பெட்டை ஆடு) இரண்டு குட்டி போட்டிருக்கிறது, கிடாயோடு சேர்த்ததிலிருந்து ஏறக்குறைய 150 நாள் என்ற கணக்குப்படியே. கடும்புப்பால் (ஈன்றதும் சுரக்கும் முதல் பால்) முதல் சில மணி நேரத்துக்குள் குட்டி வயிற்றுக்குப் போய்விட வேண்டும், நடுச்சாமம் என்றாலும் விழித்திருங்கள்.

மழையில் பெரிய தலையிடி குடற்புழுதான். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன், உள்ளே நல்ல சிவப்பென்றால் பயமில்லை, வெளிறிக் கிடந்தால் இரத்தம் உறிஞ்சும் புழுவாக இருக்கலாம், உடனே மிருக வைத்தியர்தான். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு புழுமருந்து பருக்கினால் புழு அதற்குப் பழகிவிடும், அப்புறம் அந்த மருந்து கேட்காது. கொட்டிலை உயர்த்தி இடைவெளி விட்டுப் பலகை அடித்ததால் புழுக்கை கீழே விழுகிறது, குளம்பும் காய்ந்திருக்கிறது. அந்தப் புழுக்கையை மக்கவைத்துக் கத்தரிக்கும் பயற்றைக்கும் போடுகிறோம்.

குழைக்கு வேலியில் கிளிரிசிடியா, இப்பிலிப்பில் என்ற தீவன மரங்கள். மரவள்ளி இலையில் சயனைட் நஞ்சு உண்டு, பச்சையாகப் போடாமல் நன்றாகக் காயவைத்தே போடுங்கள்.

பாலில் வாடை வருமா என்று கேட்ட தம்பி, கிடாயைத் தள்ளிக் கட்டுங்கள், கறந்ததும் வடித்துக் குளிரவிடுங்கள். குடிக்கும்போது காய்ச்சுவது கட்டாயம், புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோய் ஆட்டுப்பாலாலும் தொற்றும். மாமி மட்டும் இன்னும் தேத்தண்ணிக்கு மாட்டுப்பால்தான் கேட்கிறார்.