பனையடி வீட்டுக் குழு: அறுப்பின் பண்டிகைக்கு யார் யார் வருகிறீர்கள்?

ஆச்சி: கர்த்தருக்குள் பிரியமான பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம். நம் சபையின் அறுப்பின் பண்டிகை பிப்ரவரி மாத முதல் ஞாயிற்றுக்கிழமை என்று இன்று காலை ஆராதனை முடிவில் குருவானவர் அறிவித்துவிட்டார்கள். சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனையும் இரவு முழுவதும் காய்கறி நறுக்குதலும், ஞாயிறு காலை நற்கருணை ஆராதனையும் அதைத் தொடர்ந்து ஏலமும், மாலையில் அசனம் என்னும் சபை விருந்தும் நடைபெறும். நீங்கள் யார் யார் வருகிறீர்கள், எந்த வண்டியில் வருகிறீர்கள் என்பதைப் புதன்கிழமைக்குள் எழுதிவிட்டால்தான், வீட்டுக்கு எத்தனை தலை என்று நான் உபதேசியாரிடம் சொல்ல முடியும்.

சாமுவேல்: முயற்சி செய்கிறோம், அம்மா.

கிரேஸ்: எனக்கு விடுப்புக் கிடைக்காது, அம்மா. ஏலத்தில் மட்டும் துபாயிலிருந்தே கலந்துகொள்வேன்.

ஜெபா: ஆச்சி, இந்த ஆண்டு அசனத்தைப் பந்தியில் பரிமாறாமல் பொட்டலமாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

தேவராஜ்: யார் சொன்னது?

ஜெபா: ஊர் இளைஞர் குழுவில் பேசிக்கொண்டார்கள், அப்பா.

ஆச்சி: அப்படி ஒரு பேச்சு அடிபடுவது உண்மைதான், ஆனால் முடிவாகவில்லை. வெயிலில் பந்திக்கு நிற்க முடியவில்லை என்று சிலரும், இலை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று சிலரும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு ஆண்டு முழுவதும் வேலித் தகராறு இருந்தாலும், அசனத்தன்று அவருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்து ஒரே வாளிக் குழம்பைச் சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் அதைப் பந்தியாக வைத்தார்கள் என்று உங்கள் தாத்தா சொல்லச் சொன்னார்கள். பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திச் சாப்பிடுவதற்கு ஹோட்டலே போதும் என்றும் சொல்லச் சொன்னார்கள். இரண்டாவதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

பெனிட்டா: தாத்தாவுக்கு என் ஸ்தோத்திரம். நான் பெங்களூரிலிருந்து வருகிறேன், ஆச்சி. என்னோடு ஒரு தோழியும் வருகிறாள்.

ஸ்டெல்லா: எந்தத் தோழி? எனக்குச் சொல்லவே இல்லையே.

பெனிட்டா: அலுவலகத் தோழி, அம்மா. மராத்தி பேசுபவள்.

ஆச்சி: தாராளமாக வரட்டும். சைவமா என்று மட்டும் கேட்டுச் சொல், பெனி. அசனத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு உண்டு; கறி சாப்பிடாதவர்களுக்குச் சாம்பார் தனியாக வைப்பார்கள்.

தேவராஜ்: அம்மா, தோட்டத்திலிருந்து இந்த ஆண்டு எதைக் காணிக்கையாக வைக்கிறீர்கள்?

ஆச்சி: நீ கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். சித்திரை மாதத்தில் சேனைக்கிழங்கை, ஒவ்வொரு துண்டிலும் முளைக்கண் இருக்கும்படி நறுக்கி, சாணிக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்திக் கிணற்றடியில் நட்டிருந்தோம். மேலே காய்ந்த பனையோலையும் வாழைச் சருகும் போட்டு மூடாக்கு வைத்ததால், வெயில் காலத்தில் நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டதே போதுமானதாக இருந்தது. இப்போது இலை மஞ்சளாகித் தண்டு சாய்ந்துவிட்டது. அதுதான் தோண்டும் பக்குவம். ஒரு குழியில் உங்கள் தாத்தா விரலால் மண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு, ஒரு கையால் தூக்க முடியாத கிழங்கு என்று சொல்லி மறுபடியும் மூடிவைத்திருக்கிறார்கள். அவரைப் பந்தல் கார்த்திகையிலிருந்தே காய்க்கிறது. மார்கழிப் பனியில் அசுவினிப் பூச்சி விழுந்தது, அடுப்புச் சாம்பலைத் தூவியதில் பாதி போயிற்று. சிறுகிழங்கு பொங்கலுக்கே எடுத்தாயிற்று, காணிக்கைக்கு ஒரு பெட்டி மணலில் புதைத்து வைத்திருக்கிறேன். தடியங்காய் என்கிற வெள்ளைப் பூசணி மூன்று கிடக்கிறது.

ஜெபா: தடியங்காயா?

பெனிட்டா: தடியங்காயை மட்டும் ஏலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம், ஆச்சி.

சாமுவேல்: இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

கிரேஸ்: அண்ணன், நூறு ரூபாய்த் தடியங்காயை நீங்களும் தம்பியும் ஆளுக்கு ஆள் ஏற்றி ஏற்றி 6,000 ரூபாய்க்குக் கொண்டுபோனீர்களே, அதற்குத்தான் சிரிக்கிறார்கள்.

தேவராஜ்: நான் சபைக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். அண்ணன் ஏன் கேட்டார்கள் என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

சாமுவேல்: அப்பா கையால் விளைந்த காய் வெளி ஆளிடம் போகக்கூடாது என்று கேட்டேன், தம்பி.

தேவராஜ்: நான் வெளி ஆளா?

தேவராஜ் அனுப்பிய செய்தி நீக்கப்பட்டது.

ஸ்டெல்லா: கடைசியில் அந்தக் காய் ஆலயப் பணியாளரான கோயில்குட்டி வீட்டுக்குத்தான் போயிற்று. அவர்களாவது கூட்டு வைத்துச் சாப்பிட்டார்கள்.

ஆச்சி: பணம் சபைக்குப் போயிற்று, காய் பசித்தவர்களுக்குப் போயிற்று, அதில் கர்த்தருக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் அதன்பின் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை என்பதுதான் எனக்குக் குறை. உபாகமம் 26-ஆம் அதிகாரம், நிலத்தின் முதற்கனியைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறது. யார் பெரிய கூடை என்று பார்க்கச் சொல்லவில்லை. என் தாயார் காலத்தில் இந்தத் தேரிச் செம்மணலில் பனையைத் தவிர வேறு விளைச்சல் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. அவர்கள் பனையோலைப் பெட்டியில் நான்கு கருப்பட்டி வைத்துக் கொண்டுபோவார்கள். அதோடு ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொடுப்பார்கள். நான் இன்றும் பிடியரிசி எடுக்கிறேன். குக்கரில் இரண்டு பேருக்குச் சமைக்கும் வீட்டில் எதற்கு என்று தாத்தா கேட்டார்கள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

பெனிட்டா: நான் பால்கனித் தொட்டியில் பச்சை மிளகாய் வளர்க்கிறேன். அதைக் கொண்டுவரலாமா?

ஆச்சி: கட்டாயம் கொண்டு வா. நீ விதை போட்டு, நீ தண்ணீர் ஊற்றியது ஐந்து மிளகாயாக இருந்தாலும் அதுதான் முதற்பலன். கடையில் வாங்கிய பழத்தை ஸ்டிக்கரோடு கூடையில் வைப்பதைவிட அது மேல்.

ஸ்டெல்லா: அத்தை, அந்த ஆப்பிள் நான் வைத்ததுதான் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறவள் எங்கே போய் விளைவிப்பேன்?

ஆச்சி: உன்னைச் சொல்லவில்லை, ஸ்டெல்லா.

ஸ்டெல்லா: சரி, அத்தை.

கிரேஸ்: மதினி, என் தொட்டியில் துளசியைத் தவிர எதுவும் இந்த வெயிலுக்கு நிற்பதில்லை. அதனால்தான் ஏலத்தில் கேட்கிறேன் என்கிறேன். ஜெபா வீடியோ அழைப்பில் காட்டினால் நான் தொகையைச் சொல்வேன், அவன் கையைத் தூக்கட்டும்.

தேவராஜ்: செல்லாது. ஏலத்தில் நிற்கிறவர்தான் கேட்க வேண்டும். வலைத்தொடர்பு அறுந்தால் ‘மூன்று தரம்’ சொன்ன பிறகு நீ எண்ணைச் சொல்வாய், அங்கே சண்டை வரும்.

கிரேஸ்: தடியங்காய்க்குச் சண்டை வரும்போது வலைத்தொடர்பு நன்றாகத்தான் இருந்தது, தம்பி.

ஜெபா: நான் கையைத் தூக்கத் தயார், அத்தை. எனக்கு என்ன கிடைக்கும்?

ஆச்சி: வெளிநாட்டுப் பிள்ளைகள் போனில் கேட்பதைப் பற்றிக் குருவானவர் ஐயரவர்களிடம் கேட்கிறேன். அவர்கள் ஒத்துக்கொண்டால் சரி. ஏலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள்; நாங்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது என்றார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கானவர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். நம் தோட்டத்தில் பந்தல், வாழை, கிணற்று மோட்டார் எல்லாம் போய், முழங்கால் அளவு வண்டல் நின்றது. அடுத்து வந்த பண்டிகையில் ஊரில் யாரிடமும் காய் இல்லை. தண்ணீர் வடிந்த இடத்தில் தானாக முளைத்த கீரையை ஒரு விதவைத் தாயார் ஒரு கட்டுக் கட்டிக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்தார்கள். அந்தக் கட்டை ஏலம் எடுத்தவர் திருப்பிக் காணிக்கையாக வைத்தார். அடுத்தவரும் எடுத்துத் திருப்பி வைத்தார். வாடிப்போகும் வரையில் அந்த ஒரு கட்டுக் கீரை கைமாறிக்கொண்டே இருந்தது. அன்று உங்களில் ஒருவரும் வரவில்லை. வர முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். குறையாகச் சொல்லவில்லை, அதைப் பார்த்திருக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

சாமுவேல்: தெரியும், அம்மா.

தேவராஜ்: மோட்டார் மாற்றியது நான். இந்தக் குழுவில் யாரும் அதைச் சொல்வதில்லை.

சாமுவேல்: பாதிப் பணம் நான் அனுப்பினேன், தம்பி.

தேவராஜ்: மூன்றில் ஒரு பங்கு.

பெனிட்டா: சித்தப்பா, என் தோழி சுற்றிப் பார்க்க விரும்புகிறாள். சனிக்கிழமை பகலில் எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?

தேவராஜ்: திருச்செந்தூர்க் கடற்கரை. வேறு என்ன இருக்கிறது?

ஆச்சி: வேறு என்ன இருக்கிறதா? ஆசிரியை வயிற்றில் பிறந்தவன் எழுதுகிற வாக்கியமா இது, தேவராஜ்? மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் கட்டிய தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. தேரிக்காட்டில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். அங்கிருந்து சாத்தான்குளம் வழியாக முதலூருக்குப் போகலாம். 1799-இல் துன்பப்பட்ட விசுவாசிகளுக்காக நிலம் வாங்கி உண்டாக்கிய முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு என்பதால்தான் அந்தப் பெயர். நேரம் இருந்தால் இடையன்குடி. கால்டுவெல் ஐயர் 1891-இல் கொடைக்கானலில் காலமானபோது, உடலை அங்கேயிருந்து கொண்டுவந்து, அவர் கட்டிய அந்த ஊர் ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். உன் தோழிக்கு இதையெல்லாம் சொல்லிக் காட்ட நானே வண்டியில் வருவேன், மூட்டுவலி விட்டால்.

ஜெபா: முதலூர் போனால் மஸ்கோத் அல்வா இரண்டு கிலோ வாங்கி வா, அக்கா.

கிரேஸ்: எனக்கும் ஒரு கிலோ. இந்த மாதம் இங்கே திரும்பி வருகிற யார் கையிலாவது கொடுத்துவிடுங்கள். தேங்காய்ப்பாலில் செய்தது என்பதால் கெடும் முன் வந்துசேர வேண்டும்.

ஸ்டெல்லா: எனக்குச் சர்க்கரை இருக்கிறது, என் கண்ணில் காட்ட வேண்டாம்.

ஆச்சி: அல்வாவைப் பிறகு பார்க்கலாம். சாமுவேல், நீ வருகிறாயா, இல்லையா? ‘முயற்சி செய்கிறோம்’ என்று நீ எழுதினால் அது இல்லை என்பதற்கு மரியாதையான சொல் என்று தாத்தா சொல்கிறார்கள்.

சாமுவேல்: செந்தூர் விரைவு வண்டியில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறோம், அம்மா. உறுதியானால் சனிக்கிழமை காலை நாசரேத்தில் இறங்குவோம். இல்லாவிட்டால் தூத்துக்குடி வண்டியைப் பார்க்க வேண்டும்.

தேவராஜ்: தூத்துக்குடிக்கு வந்தால் என் வண்டியில் கூட்டிக்கொண்டு போகிறேன், அண்ணன். நேரத்தை மட்டும் முன்னால் சொல்லுங்கள்.

சாமுவேல்: சரி, தம்பி. பார்த்துச் சொல்கிறேன்.

ஆச்சி: நல்லது. சேனையை வெள்ளிக்கிழமை மாலை தோண்ட வேண்டும். அதற்கு மேல் விட்டால் மண்ணோடு கோயிலுக்குத் தூக்க வேண்டிவரும். தாத்தா தோண்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், தாத்தா தானே தோண்டுவதாகச் சொல்கிறார்கள். சாமுவேல் சனிக்கிழமைதான் வருவான். ஜெபா, நீ எப்போது வருகிறாய் என்று இன்னும் எழுதவில்லை.

ஜெபா: வெள்ளிக்கிழமை இரவுக்குள் வந்துவிடுவேன், ஆச்சி. கோயம்புத்தூரில் பேருந்து ஏறிவிட்டுச் சொல்கிறேன்.

ஆச்சி: இரவில் எப்படித் தோண்டுவது?

தேவராஜ்: நான் மதியமே வருகிறேன், அம்மா. அப்பாவைக் கிணற்றடிக்குப் போகவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய கிழங்கு ஏலத்துக்கு, சின்னது வீட்டுக்கு.

சாமுவேல்: பெரியதை யார் எடுப்பது?

கிரேஸ்: நான் எடுக்கிறேன். நீங்கள் இருவரும் வாயைத் திறக்கக்கூடாது.

தேவராஜ்: அம்மா, நீளக் கடப்பாரை வீட்டில்தானே இருக்கிறது?

ஆச்சி: இல்லை. சாமுவேல் போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வேலிக் கல் நட எடுத்தான். அதன்பின் நான் பார்க்கவில்லை.

சாமுவேல்: நான் தம்பியின் வண்டியில்தான் போட்டேன்.

தேவராஜ்: என் வண்டியில் இல்லை.

சாமுவேல்: இருக்கைக்குக் கீழே பார், தம்பி.