கற்பனை என்று எழுதிப் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

கடைசிவரிசை:
"படத்துக்குக் கற்பனை என்று அட்டை போடுவது ரசிகனை முட்டாளாக்கும் வேலை" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 1996-ல் வந்த 'ஃபார்கோ' தொடக்கத்திலேயே, இது உண்மைக் கதை, 1987-ல் மினசோட்டாவில் நடந்தது என்கிறது. எல்லாம் கற்பனை என்பது கடைசியில் பொடி எழுத்தில் வருகிறது. அரங்கில் விளக்கைப் போட்டு, துடைப்பத்தோடு ஆளும் வந்துவிட்டார். வெளுத்துப்போன அந்த வரியை நான் ஒருவன்தான் நின்று படித்தேன். அட்டை முதலில் வர வேண்டும்.

நிழற்குடை:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டுங்கள். அது படத்தை எடுத்த கோயன் சகோதரர்களின் கதை சொல்லும் உத்தி. உங்களுக்குப் புரியவில்லை என்றால் படம் என்ன செய்யும்?

கடைசிவரிசை:
உத்தியோ புத்தியோ, முதலில் பொய், கடைசியில் உண்மை. ஏன்?

மணிக்கூண்டு:
இந்த அட்டை ரசிகனுக்காகப் பிறந்ததே இல்லை. 1932-ல் ஹாலிவுட் கம்பெனி எம்ஜிஎம் ரஷ்யச் சாமியார் ரஸ்புதினைப் பற்றி எடுத்த படத்தில் தன்னைக் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று ரஷ்ய இளவரசி இரினா யூசுபோவ் லண்டனில் வழக்குப் போட்டார். 1934-ல் 25,000 பவுண்டு நஷ்டஈடு. அதன் பிறகுதான் ஆளாளுக்கு அட்டை போட ஆரம்பித்தார்கள். அது கம்பெனிக்குப் பிடித்த குடை.

நிழற்குடை:
நானும் அதைத்தான் சொல்கிறேன்!

மணிக்கூண்டு:
நீங்கள் சொல்லவில்லை. போன மாதம் டப்பிங் விவாதத்திலும் என் கருத்தை இப்படித்தான் உங்களுடையதாக்கிக்கொண்டீர்கள்.

நிழற்குடை:
அதை இன்னும் விடவில்லையா? அன்று பாதியில் ஓடியது யார்?

கடைசிவரிசை:
உங்கள் பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். 2020-ல் பிரிட்டன் அரச குடும்பத்தைப் பற்றிய 'தி கிரவுன்' தொடருக்கு அட்டை போடச் சொல்லி பிரிட்டன் அமைச்சரே கேட்டார், நெட்ஃப்ளிக்ஸ் மறுத்தது. 2022-ல் முன்னோட்டத்தின் கீழே குறிப்பில் 'புனைவு' என்று சேர்த்தார்கள். அதுவும் கீழேதான்! மேலே போட்டால் கை வலிக்குமா?

நிழற்குடை:
ராணியின் படுக்கையறைப் பேச்சைக் கேமரா வைத்தா பிடித்தார்கள்? நடிகர் பேசுகிறார் என்று தெரியாதவர் உண்டா?

கடைசிவரிசை:
உண்டு. என் மாமா அந்தத் தொடரில் வந்த வசனத்தைச் சரித்திரம் என்று சொல்லி என்னோடு சண்டை போட்டார். படித்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர்.

நிழற்குடை:
மாமாவுக்காக உலகத்துக்கே அட்டையா? சரி, போடுங்கள், ஆனால் கடைசியில்.

கடைசிவரிசை:
முதலில்.

மணிக்கூண்டு:
டப்பிங் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.