நண்டு குஞ்சு பொரித்தால் செத்துவிடுமா?

வாய்க்கால்கரை:
போன ஞாயிற்றுக்கிழமை ஏழாவது படிக்கிற என் மகள் வாய்க்காலில் ஒரு வயல் நண்டைப் பிடித்துவந்தாள். திருப்பிப் பார்த்தால், வயிற்று மடிப்புக்குள் துவரம்பருப்பை விடச் சின்னதாகக் குட்டி நண்டுகள் மொய்க்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கால், கொடுக்கு எல்லாம் இருக்கிறது. மாமியார் திண்ணையில் இருந்தபடியே, "விட்டுடுடி, புள்ளைங்களை இறக்கிட்டு வயிறு வெடிச்சுச் சாகப்போற ஜென்மம்" என்றார். அவ்வளவுதான், ராத்திரி சாப்பாடு வரைக்கும் அழுகை. பள்ளியில் மனப்பாடம் செய்த நல்வழிப் பாட்டும் அதைத்தானே சொல்கிறது? நண்டு, சிப்பி, மூங்கில், வாழை நான்கும் ஈனுகிற காலத்தில் அழியும் என்று.

படுக்கும்போது கேட்டாள்: "நான் பொறந்தப்ப நீயும் சாகப் பாத்தியாம்மா?" இவள் பிறந்த அன்று எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யாரோ அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். "தூங்கு" என்று விளக்கை அணைத்துவிட்டேன். நண்டு சாகுமா? அப்புறம், இவளுக்கு நான் என்ன சொல்வது?

வரப்புமேடு:
சாகாது சகோதரி. நண்டோடு எனக்கு முப்பது வருடப் பகை. வரப்பில் வளை போட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீரை அடுத்த வயலுக்கு இறக்கிவிடும். ஆகவே ஓரளவு தெரியும். பெண் நண்டுக்கு வயிற்று மடிப்பு அகலமாக இருக்கும், ஆணுக்குக் குறுகலாக இருக்கும். முட்டைகள் அந்த மடிப்புக்கு அடியில் உள்ள மயிர்க்கால்களில் ஒட்டிக்கொண்டு வளரும். கடல் நண்டின் முட்டை பொரிந்தால் நண்டு ஜாடையே இல்லாத ஏதோ ஒன்று நீரில் மிதந்து போகும். வயல் நண்டு அப்படியில்லை. முட்டையிலிருந்தே முழு நண்டாக வரும், சில நாள் தாயின் மடியிலேயே கிடக்கும். பிறகு ஒவ்வொன்றாக இறங்கிப் போய்விடும். தாய் தன் வளைக்குத் திரும்பும்.

வயிறு வெடிக்கிற கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் ஊகம் இது: நண்டு வளர வளர ஓட்டைக் கழற்றும். பின்பக்கம் பிளந்த வெற்று ஓடு வரப்பில் கிடப்பதைப் பார்த்தால் செத்த நண்டு என்றுதான் தோன்றும். மூங்கில் உண்மை, பூத்துக் காய்த்தால் புதரே காய்ந்துவிடும். வாழை பாதி உண்மை: தார் வெட்டியதும் மரம் போகும், அதே கிழங்கிலிருந்து பக்கக்கன்று நிற்கும். அது செத்ததா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள். அந்தப் பாட்டு நண்டைப் பற்றியதே இல்லை என்பது வேறு விஷயம். மாற்றான் மனைவி மேல் மனம் வைப்பவனுக்கு அழிவு வருவதைச் சொல்ல வந்த உவமை அது.

பாம்பன்காத்து:
சிப்பியும் சாகாதுக்கா. முட்டையைத் தண்ணியில் விட்டுவிட்டு அது பாட்டுக்கு இருக்கும். முத்துக்காக நாம் பிளக்கிறோம், அதனால் சாகிறது.

நிஜமாகவே சாகிற தாய் பேய்க்கணவாய், அதாவது எட்டுக் கை உள்ள ஆக்டோபஸ். பாறை இடுக்கில் முட்டைகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு, கையால் துடைத்து, தண்ணீரை ஊதிக்கொண்டே காவல் இருக்கும். இரை எடுக்காது. குஞ்சு வெளியே வருகிற சமயத்தில் உயிர் போய்விடும். கலிஃபோர்னியாவின் மான்டரே ஆழ்கடலில் ஒரு தாய் 2007 முதல் 2011 வரை, 53 மாதம், ஒரே பாறையில் முட்டைமேல் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் இதைத் தியாகம் என்பதா? 1977இல் வெளியான ஓர் ஆய்வில், முட்டை காத்த வேறொரு பேய்க்கணவாயின் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற சுரப்பியை எடுத்துவிட்டார்கள். அந்தத் தாய் முட்டையை விட்டுவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்து, கூடுதல் நாள் வாழ்ந்தது!

அப்பாக்களையும் விடாதீர்கள். கடல் கெளுத்தியில் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும், குஞ்சு பொரிகிற வரை வாரக்கணக்கில் பட்டினி. வலையில் ஏறினால் பயத்தில் துப்பிவிடும். படகுப் பலகையில் மஞ்சள் கோலிக்குண்டு மாதிரி உருளும். சின்ன வயதில், திருட்டு மீன் முட்டையைத் தின்றுவிட்டது என்று நினைத்து நான் அதை அடித்திருக்கிறேன்.

பழைய நர்ஸம்மா:
முப்பத்தோரு வருஷம் பிரசவ வார்டில் இருந்தவள் சொல்கிறேன் கண்ணு. பிள்ளைத் தலை நேராக வந்துவிடாது. இடுப்பெலும்புக்குள் பக்கவாட்டில் பார்த்தபடி நுழையும், பிறகு தாயின் முதுகுப் பக்கம் முகத்தைத் திருப்பும், தலை வெளியே வந்ததும் தோளுக்காக மறுபடி திரும்பும். சாவியைப் பூட்டில் திருப்புகிற மாதிரி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

உங்களுக்கு நடந்தது அதற்குப் பிறகு. மாதம் நிறைந்த கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடும். நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை கல்லுப்போல இறுகி அந்தக் குழாய்களை நெரிக்க வேண்டும். சில பேருக்கு இறுகாது, அவ்வளவுதான். அது குழந்தை செய்த வேலையும் இல்லை, நீங்கள் செய்த தியாகமும் இல்லை. "உன்னால் சாகப் பார்த்தேன்" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். வார்டில் அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், தங்கள் பிரசவத்துக்கு நடுங்கிக்கொண்டு வருவார்கள். ரத்தம் போச்சு, நாலு பேர் ரத்தம் கொடுத்தார்கள், நான் பிழைத்தேன் என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

வாய்க்கால்கரை:
அப்படியே சொன்னேன். "அந்த நாலு பேர் யாரு?" என்றுதான் முதலில் கேட்டாள். எனக்கும் தெரியாது. ரத்தம் கொடுக்கப் பதினெட்டு வயது ஆக வேண்டுமாமே, இன்னும் ஆறு வருஷம் என்று விரலில் எண்ணிவிட்டுத் தூங்கிப்போனாள்.

நண்டைப் பிடித்த இடத்திலேயே விட்டாயிற்று. சாகாதாம் என்று மாமியாரிடம் சொன்னதற்கு, "அது இந்தக் காலத்து நண்டா இருக்கும்" என்கிறார். கெளுத்திக் கதையை மட்டும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப இத்தனை வருஷமா அதோட வாயில இருந்த முட்டையையும் சேத்துல்ல குழம்பு வெச்சிருக்கேன்" என்றார்.