மதுராந்தகம் பக்கம் சின்ன ஏரி, தூண்டில்ல என்ன மாட்டும்?

ஏரிக்கரை_தம்பி: எங்க ஊர் ஏரில முன்னாடி விரால், கெண்டைனு நல்லா மாட்டும், இப்ப மண்புழு கோத்து போட்டா விரல் நீள ஜிலேபி மீன் மட்டும்தான் வருது, விரால்லாம் எங்கதான் போச்சு?

முள்ளுவாங்கி: ஜிலேபி 1952ல வெளிநாட்டுலேர்ந்து கொண்டுவந்து விட்டது ப்ரோ, வருஷத்துல பல தடவ முட்டை போடும், வாயிலயே வச்சு குஞ்சு பொரிக்கும், கூட்டம் பெருத்து தீனி பத்தாம குட்டையாவே நின்னுடும். விரால் இன்னும் கெடக்கும், விடிகாலைல அல்லி இலை ஓரமா தவளை லூர் (தவளை மாதிரி இருக்குற பொம்மை இரை) இழுத்துப் பாருங்க.

கரையோரம்: செவப்பா குஞ்சுங்க மேல கும்பலா வந்தா கீழ பெரிய விரால் காவலுக்கு நிக்கும், அத அடிச்சா மொத்த குஞ்சும் காலி, விட்ருங்கண்ணா.

ராத்தூண்டில்: ஆப்பிரிக்க கெளுத்தி யாராச்சும் விட்ருக்காங்களானு பாருங்க, அது மத்த மீனையும் தின்னுடும், 2000லயே தடை பண்ணியும் வளக்குறானுங்க. அப்புறம் ஏரி குத்தகைல இருந்தா கேட்டுட்டு போடுங்க, தூண்டிலயே புடுங்கிடுவாங்க 😀