பால்கனி கிரில், ஏசி: சங்கம் மறுத்துவிட்டது, மாட்டிவிடலாமா?

கேள்வி (மதுரை கோச்சடை, அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி)
பால்கனி 9 அடி நீளம், 4 அடி ஆழம். கைப்பிடிச் சுவர் 3 அடிதான், வீட்டில் சின்னக் குழந்தை. முழுசா கிரில் போடணும், 1.5 டன் ஏசியோட அவுட்டோர் யூனிட்டை வெளிச்சுவரில் மாட்டணும். ரெண்டுக்கும் சேர்த்து குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரே கடிதம் கொடுத்தேன். "வெளித்தோற்றம் கெடும்"னு ஒரே வரியில மறுத்துட்டாங்க. வெல்டர் ஞாயித்துக்கிழமையே மாட்டித் தர்றேங்கிறார். மாட்டிட்டுப் பேசிக்கலாமா? இல்லேன்னா இப்போதைக்குப் புறா வலை போதுமா?

பதில் 1
மாட்டிடாதீங்க சார். வெளிச்சுவர் பொதுவா எல்லாருக்கும் சேர்ந்த பகுதி. கழட்டச் சொன்னா ஆங்கர் (சுவரில் பதிக்கிற போல்ட்) ஓட்டையை அடைச்சு பெயின்ட் அடிக்கிற செலவும் உங்க தலையில விழும். புறா வலை புறாவுக்குத்தான், குழந்தை சாஞ்சா தாங்காது. அனுமதி வரும்வரை பால்கனிக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுங்க.

அடுத்து சங்கத்தோட துணைவிதி (பைலா) நகலை வாங்குங்க. 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவான சங்கம்னா, செயலாளர் தராவிட்டாலும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துல மனு போட்டு வாங்கலாம். வெளித்தோற்றம் பத்தி எந்த விதி, யாருக்கு அதிகாரம், கமிட்டிக்கா பொதுக்குழுவுக்கா, இதைப் பாருங்க. பிறகு கிரிலுக்கு ஒண்ணு, ஏசிக்கு ஒண்ணுன்னு தனித்தனிக் கடிதம். சேர்த்துக் கொடுத்தா ஒண்ணோட ஆட்சேபணை இன்னொண்ணையும் இழுத்துட்டுப் போயிடும்.

பதில் 2
வெறும் "கிரில் போட அனுமதி"ன்னு எழுதினா கமிட்டிக்கு வெளியே துருத்திட்டு நிக்கிற கூண்டுதான் கண்ணுல தெரியும். அளவோட படம் வரைஞ்சு வையுங்க. கிரில் பால்கனித் திறப்புக்குள்ள, சுவரோட வெளிவிளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ள தள்ளி நிக்கணும். வெளிமுகத்துல அடிச்சா ஆங்கர் ஓட்டை வழியா மழைத்தண்ணி இறங்கி, கீழ்வீட்டுச் சுவர்ல துருக்கோடு விழும். பாதிச் சண்டை அங்கதான் ஆரம்பிக்குது.

12 மி.மீ. சதுரக் கம்பி, இடைவெளி 4 அங்குலத்துக்குள்ள. நெட்டுக் கம்பியாவே வையுங்க, குறுக்குக் கம்பி குழந்தைக்கு ஏணி. இரண்டரை அடிச் சதுரத்துல திறக்கிற கதவு ஒண்ணு கட்டாயம். பூட்டு உள்பக்கம், சாவி பெரியவங்க கைக்கு எட்டுற ஆணியில. தீப்பிடிச்சா ஏணி வெச்சு இறக்க அதுதான் வழி. அந்தக் கதவு இல்லாத படத்தைக் கமிட்டி மறுத்தா, அது சரியான மறுப்பு. வெல்டிங் பொட்டைத் தேய்ச்சு ரெட் ஆக்சைடு (துருத் தடுப்பு பிரைமர்) ஒரு கோட், மேல எனாமல் ரெண்டு கோட். நிறம் மத்த வீட்டு ஜன்னல் கிரில் நிறமே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். ஏசிக்கு?

பதில் 3
வெளிச்சுவரை விட்ருங்க. மூணாவது மாடியில சர்வீஸுக்கு ஆள் தொங்கணும். பால்கனிக்குள்ளேயே கைப்பிடிச் சுவருக்கு மேல வர்ற மாதிரி 3 அடி ஸ்டாண்டு, காத்து வெளிய பாத்து. தரையில வெச்சா சூடு சுவர்ல முட்டித் திரும்பி வந்து, சித்திரை வெயில்ல யூனிட் அடிக்கடி நின்னுடும். கிரில் மேல ஷீட் கட்டினாலும் அதே கதை. ஆனா ஸ்டாண்டு மேல குழந்தை ஏறும், அதனால கிரில் மாட்டின பிறகுதான் ஏசி. குழாய் ஓட்டை 65 மி.மீ., வெளிப்பக்கம் சாய்வா, பீம், தூண் தவிர்த்து. வடிகிற தண்ணியை பிவிசி குழாய்ல பால்கனி வடிகாலுக்கே விடுங்க, கீழ்வீட்டு சன்ஷேடுல சொட்டக்கூடாது. ஸ்டாண்டுக்கு அடியில ரப்பர் பேட் போடுறதையும் கடிதத்துல எழுதுங்க.

பதில் 1
ரெண்டு கடிதத்துக்கும் பிரதி வெச்சு, தேதியோட செயலாளர் கையெழுத்து வாங்குங்க. கீழ்வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுத்தா அதையும் சேருங்க. திரும்ப மறுத்தா, எந்த விதிப்படின்னு எழுத்துல கேளுங்க. சரின்னு வாயால சொன்னாலும் தீர்மானப் புத்தகத்துல ஏறி, நகல் கைக்கு வந்த பிறகு வெல்டருக்கு அட்வான்ஸ் கொடுங்க.