தீப்பிடித்தது வேறு பெட்டியில், பணம் நான் ஏன் கட்ட வேண்டும்?

செங்கோட்டை மரக்கடை:
ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடிக்கு இரண்டு கண்டெய்னர் தேக்குத் தடி வருகிறது. வழியில் கப்பலில் தீப்பிடித்து, அணைத்துவிட்டார்கள். என் தடிக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ஆனால் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தாகிவிட்டது, என் பங்கைக் கட்டுவேன் என்ற பாண்டில் கையெழுத்துப் போட்டு டெபாசிட் கட்டினால்தான் டெலிவரி என்று கடிதம் வந்திருக்கிறது. எவரோ ஒருவர் பெட்டி எரிந்ததற்கு நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? சி அண்ட் எஃப்பில், அதாவது விலையும் கப்பல் கூலியும் மட்டும் சேர்த்து வாங்கியது, இன்சூரன்ஸ் போடவில்லை. மில்லில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

தூத்துக்குடி கிளியரிங்:
அண்ணாச்சி, கப்பலையும் சரக்கையும் காப்பாற்றத் தெரிந்தே செய்த இழப்பை எல்லாரும் பகிர்ந்துகொள்வதுதான் ஜெனரல் ஆவரேஜ். எரிந்த பெட்டிக்கு நீங்கள் கொடுக்கப்போவதில்லை, அது அவரவர் பாடு. அணைக்கப் பீய்ச்சிய தண்ணீரில் நனைந்து வீணான சரக்கு இருக்கிறதே, அதற்கும் கப்பலைக் காப்பாற்ற ஆன செலவுக்கும்தான் பங்கு. நம்மூர்த் தோணியை நினைத்துப் பாருங்கள். கொந்தளிப்பில் தோணி தாழ்கிறது, தோணியை ஓட்டும் தண்டல் வெங்காய மூட்டைகளைக் கடலில் தள்ளச் சொல்கிறார், சிமெண்ட் கரை சேர்கிறது. சிமெண்ட்காரர் பிழைத்ததே வெங்காயம் போனதால்தானே?

கணக்கு இப்படி: கப்பல் 60 கோடி, சரக்கு எல்லாம் சேர்த்து 40 கோடி, பொது நன்மைக்காகப் போனது 5 கோடி என்றால் எல்லார் மேலும் 5 சதவீதம். உங்கள் தடி 30 லட்சம் என்றால் ஒன்றரை லட்சம். கப்பல் முதலாளியும் கட்டுவார், சரக்கை இழந்தவருக்கும் அதே 5 சதவீதம் கழித்துத்தான் கிடைக்கும். இல்லையென்றால் மூட்டை போனவர் முழுப்பணம் வாங்கிக்கொண்டு மற்றவர்களைவிட நன்றாக இருப்பார், அது நியாயமா? எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இதற்கான சர்வதேச விதிகளான யார்க் ஆண்ட்வெர்ப் விதிகள் என்று, சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங்கில் எழுதியிருக்கும், பாருங்கள்.

பாளை இன்சூரன்ஸ்:
2021ல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் மாட்டியபோதும் இதே அறிவிப்புதான், சேதமே இல்லாத சரக்குக்காரர்களும் உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது. சரக்குப் பாலிசி இருந்திருந்தால், குறைந்த பிரீமியத்தில் குறைந்த பாதுகாப்பு தரும் 'சி' கிளாஸாக இருந்தாலும், கம்பெனியே கேரண்டி எழுதித் தந்திருக்கும். இப்போது ரொக்கம்தான் வழி. ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள், கணக்கு முடிய வருடக்கணக்கில் ஆகலாம், மிச்சம் இருந்தால் அதைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

செங்கோட்டை மரக்கடை:
சரி, புரிகிறது. கப்பல்காரர் தவறால் தீப்பிடித்திருந்தால்?

தூத்துக்குடி கிளியரிங்:
புறப்படும்போதே கப்பலைச் சரியாக வைத்திருக்கவில்லை, அதனால்தான் தீ என்று நிரூபணமானால் அவர் கேட்கும் பங்கை மறுக்கலாம். ஆனால் அது பின்னால் நடக்கிற வழக்கு. பாண்டில் கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் காட்டிவிட்டு, இன்வாய்ஸ் நகலோடு வாருங்கள், பெட்டி கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.