தேக்குப் பட்டைகள் அணியத்தில் பிளக்கின்றன: டிரிங்கோமலி மாதிரி, 1:64

மலைக்கோட்டை கேட்டது:
வணக்கம். எச்.எம்.எஸ். டிரிங்கோமலி போர்க்கப்பலின் மாதிரியைச் செய்துகொண்டிருக்கிறேன். பிளைவுட்டில் குறுக்குச் சட்டங்களை அறுத்து நிறுத்தியாயிற்று. அசல் கப்பல் 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டியது. ஆகவே மாதிரியும் தேக்கில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். மரக்கடையில் 5 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனத்தில் பட்டைகளாக அறுத்துக் கொடுத்தார்கள். நடுப்பகுதியில் சிக்கல் இல்லை. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், வளைத்தால் பிளந்துவிடுகின்றன. இரவு முழுக்க ஊறவைத்தும் பயனில்லை. பிளக்காமல் வளைந்தவையும் காலையில் வெள்ளைப் பசையை விட்டு எழும்பி, கூரை ஓடு போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. என்ன செய்யலாம்?

கடலோரன்:
தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. பசை பிடிக்காததற்கு அதுதான் காரணம். ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். ஈரம் ஆறியதும் தாமதிக்காமல் ஒட்டிவிடுங்கள். விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். எபாக்சிப் பசை இன்னும் உறுதி. ஊறவைப்பதை விடக் கொதிநீரில் முக்கி, சூடான இஸ்திரிப் பெட்டியின் விளிம்பில் மெல்ல வளைப்பது நல்லது.

இழைப்புளி:
பசை பாதிக் கதைதான். ஓரம் ஏறுவது பட்டையைப் பக்கவாட்டில் வளைக்க முயல்வதால். முன்பக்கச் சட்டங்களின் விளிம்பைச் சாய்வாக இழைத்தீர்களா? ஒரு மெல்லிய பட்டையை ஏழெட்டுச் சட்டங்களின் மேல் படுக்க வைத்துப் பாருங்கள். எங்காவது ஒரு முனையில் மட்டும் தொட்டால் அந்த இடத்தை இன்னும் இழைக்க வேண்டும். முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே மெல்மரத் துண்டுகளை நிரப்பி உருவம் கொடுத்தால் பட்டை படுக்க இடம் கிடைக்கும்.

அடுத்து, பட்டையை முன்முனையை நோக்கிக் குறுக்க வேண்டும். நடுச்சட்டத்தின் சுற்றளவு 120 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், 24 பட்டைகள். அதே 24 பட்டைகளும் அணியத்தில் 84 மி.மீ. இடத்தில் அடங்க வேண்டும் என்றால் அங்கே ஒவ்வொன்றும் 3.5 மி.மீ.தான். முழு அகலத்தையும் திணித்தால் அவை எழும்பாமல் என்ன செய்யும்! அகலம் பாதிக்கும் கீழே போகும்படி இருந்தால் இரண்டு பட்டைகளை முன்னாலேயே முடித்து, ஒன்றாகத் தொடருங்கள். பின்புறத்தில் இதற்கு நேர்மாறு: இடம் விரிகிறது, ஆப்பு போன்ற கூடுதல் துண்டுகள் செருக வேண்டும்.

மலைக்கோட்டை:
சட்டங்களை இழைக்கவே இல்லை, அறுத்தபடியே நிறுத்தினேன். இன்றிரவு அதுதான் வேலை. தேக்கை மட்டும் விட மனமில்லை.

இழைப்புளி:
இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கும் அசல் கப்பலின் படத்தைப் பாருங்கள். பக்கம் முழுவதும் கறுப்பு, நடுவே வெள்ளைப் பட்டி. நீர்மட்டத்துக்குக் கீழே அக்காலப் போர்க்கப்பல்களுக்குச் செப்புத் தகடு அடிப்பார்கள். 4 அடிக்கு 14 அங்குலத் தகடு உங்கள் அளவில் ஏறத்தாழ 19-க்கு 5.5 மி.மீ. தேக்கு வெளியே தெரியப் போவதே இல்லை! தெரிந்தாலும் அழகில்லை. தேக்கின் இழையில் அரை மி.மீ. அகலக் கோடு ஒன்று அசலில் 3 செ.மீ. பள்ளமாகும். தேக்கு அசல் கப்பலுக்கு ஏற்றது, சிற்றளவுக்கு அன்று. சன்னபட்னா பொம்மைகளைக் கடையும் வெப்பாலையைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளை நிறம், நுண்ணிய இழை, எளிதில் வளையும். தேக்கை அடியில் தாங்கும் பீடத்துக்கு வையுங்கள்.

மலைக்கோட்டை:
எங்கள் ஊர் மரக்கடையில் வெப்பாலை வருவதே இல்லையாம்.

கடலோரன்:
மஞ்சக்கடம்பு கேளுங்கள். அதுவும் இழை சீரானது. கணுவில்லாத துண்டாகப் பொறுக்கி, இழையின் போக்கிலேயே அறுக்கச் சொல்லுங்கள். குறுக்கே ஓடினால் எந்த மரமும் வளைவில் பிளக்கும்.